நேற்றுக் கறந்த பால்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். இரக்கம் தேடிச் சொல்லவில்லை. எழுதுகிறவள் இன்னார் என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்பு வரை போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுதினால் விரல் வலிக்கும், வைத்துவிட்டு மறுநாள் எழுதுவேன். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

போன மாதம் ஒரு பெண் கையில் சிலேட்டு மாதிரி ஒரு போனை வைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தாள். ஏதோ கணக்கெடுப்பாம். "பாட்டி, மாடு இருக்கா? நேத்து எத்தன லிட்டர் கறந்துச்சு?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் மாடு இல்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இன்னுமா நேத்துக் கறந்ததக் கேட்டுக்கிட்டுத் திரியுறீங்க? உங்களுக்கு வேற கேள்வியே கெடையாதா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். பாவம், முழித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? எனக்கல்லவா தெரியும்.

எங்கள் ஊர் எரியோட்டுக்குக் கிழக்கே இருக்கிற மானாவாரிக் காடு. கடலை, சோளம், கிணற்றில் தண்ணீர் கிடந்தால் கொஞ்சம் தக்காளி. நான் சொல்லும் சமாச்சாரம் ஆரம்பித்தபோது திண்டுக்கல் மதுரை ஜில்லாவில்தான் இருந்தது. முடிவதற்குள் தனி ஜில்லாவே ஆகிவிட்டது. அம்புட்டுக் காலம் இழுத்தார்கள்.

பேங்கில் கடன் போட்டுக் கறவை மாடு கொடுக்கிற திட்டம் ஊருக்கு வந்தது. நாட்டு மாடு இல்லை, ஜெர்சி மாடு. முதல் தவணையில் ஊரில் பாதி வீட்டுக்குக் கொடுப்பார்கள். மாட்டால் வீட்டுக்கு நல்லது நடக்கிறதா என்று படித்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். நல்லது நடந்தது என்று சொன்னால் மீதி வீட்டுக்கு இரண்டாம் தவணை. இதற்காக வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஆள் வந்தார்கள். மாடு வருவதற்கு முன்னால் ஒரு தை மாதம், வந்த பிறகு இரண்டு தை மாதம், மாடு வாங்கிய வீடு வாங்காத வீடு எல்லாவற்றிலும் அதே கேள்விகள்.

எங்கள் வீட்டுக்கு முதல் தவணையிலேயே மாடு உண்டு என்றார்கள். எனக்குக் கவலை இரண்டாம் தவணைதான். என் மூத்த மகள் கைக்குழந்தையோடு வந்து எங்களோடு இருந்தாள். அவள் புருஷன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான். அந்தக் கதை இங்கே வேண்டாம். தம்பிகள் தலையெடுத்த பிறகு அவர்கள் கையை எதிர்பார்த்து நிற்க மாட்டேன், எனக்கென்று ஒரு மாடு வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். கொல்லைப்புறத்தில் தனிக் குடிசை போட்டுக்கொண்டு, தனி வீடாக மனு எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் தவணையில் அவள் பெயர்தான் முதல் பெயர். அந்த மாடு வந்தால் அவளுக்கு ஊரிலேயே பிழைப்பு. வராவிட்டால் மில்லு வேலைக்குத்தான் போக வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டு.

முதல் தை மாதம் கணக்கெடுக்க ஒரு தம்பி வந்தான். நல்ல பிள்ளை, தணிந்த பேச்சு, மோர் கொடுத்தால் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். கட்டிலில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டான். அப்போது எங்களிடம் இருந்தது ஒரு நாட்டு மாடு. அது கறப்பது பிள்ளைகளுக்கும் காப்பிக்கும் காணாது.

"நேத்து எவ்வளவு கறந்துச்சுங்க?"

என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "காலையில நாலு லிட்டரு, சாயங்காலம் மூணு. குறையாது" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பி எழுதிக்கொண்டு போனதும் பிடித்தேன். "ஏங்க, அது என்ன பசுமாடா, பால் கொழாயா? யாரு மாட்டப் பத்திச் சொன்னீங்க?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள. ஒரு சொம்பு கறக்குற மாட்ட வச்சிருக்கவனுக்கு ஜெர்சி மாட்ட எவன் நம்பிக் குடுப்பான்? மாட்ட வச்சுப் பேணத் தெரிஞ்சவன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?"

"அந்தத் தம்பி கணக்கெடுக்க வந்துச்சு. மாடு குடுக்கவா வந்துச்சு?"

"எல்லாம் ஒரே கூட்டந்தான்" என்று வெளியே போய்விட்டார். அவரோடு பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. ஊரில் ஒரு ஆள் இல்லை, வீட்டில் நான் மட்டும் எப்படி?

ஆடி மாதம் ஜெர்சி மாடு வந்தது. சிவப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. பால் என்றால் பால், கறந்தால் கை ஓய்ந்துவிடும். எங்கள் ஊரில் அப்போது பால் சொசைட்டி கிடையாது. பால்காரர் சைக்கிளில் வந்து ஊற்றிக்கொண்டு எரியோட்டு டீக்கடைகளுக்குப் போவார். வீட்டுக்கூரை மாறியது, பிள்ளைகள் தட்டில் தயிர் தினமும் விழுந்தது. ஆனால் கறந்த பாலை நான் முந்தானையால் மூடித்தான் தொழுவத்திலிருந்து எடுத்து வருவேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். எவ்வளவு கறக்கிறது என்று கூடப் பிறந்தவளே கேட்டாலும் முழுசாகச் சொல்ல மாட்டோம். சொன்னால் மடி சுருங்கிவிடும். தெற்குத் தெருவில் ஒருத்தி சந்தையில் நின்றுகொண்டு தன் மாட்டுப் பாலைப் பெருமையடித்தாள். மறுவாரமே மடி கல்லாகி மாடு எட்டி உதைத்தது. இதை நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் அவர்கள் மாட்டைக் கறந்துகொள்ளட்டும்.

இரண்டாவது தை மாதம் அதே தம்பி வந்தான். வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். என்னிடம் கேட்டான். அதுவும் எங்கே நின்றுகொண்டு? தொழுவத்துக்குப் பக்கத்தில், மாட்டுக்கு நேராக.

"நேத்து எவ்வளவும்மா கறந்துச்சு?"

"என்னத்தக் கறந்துச்சு தம்பி. கன்னுக்குட்டி குடிச்சது போக ஏதோ ரெண்டு லிட்டரு. பிள்ளைக காப்பிக்குக் காணும்."

அவன் மாட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அம்மா, இவ்வளவு பெரிய மாடு..."

"பெருசா இருந்தா? தின்னுறதும் பெருசாத்தான் திங்குது. செத்த நேரம் உக்காரு, மோர் கொண்டாரேன்."

எழுதிக்கொண்டான். நான் பொய் சொன்னதாக இன்றைக்கும் நினைக்கவில்லை. மாட்டைக் காப்பது என் வேலை, அதைச் செய்தேன். அந்தக் கேள்வியை அப்படி நடுத்தொழுவத்தில் நின்று கேட்டவர்கள் அல்லவா யோசித்திருக்க வேண்டும்?

மூன்றாவது தை மாதம் வந்தபோது மாடு நிறைசினை, பால் வற்றியிருந்தது. "நேத்து கறக்கல" என்றேன். அது சத்தியமான உண்மை. அவன் காகிதத்தில் சுழி போட்டான். "தம்பி, இது கன்னு போட்டா எம்புட்டுக் கறக்கும்னு தெரியுமா?" என்றேன். "எனக்குத் தெரியுதும்மா. ஆனா நேத்துக் கறந்தத மட்டுந்தான் எழுதணும்னு சொல்லியிருக்காங்க" என்றான். அப்போதே எனக்கு எரிச்சல். வருஷம் முழுவதும் கறந்த பால் யார் வயிற்றுக்குள் போயிற்றாம்?

பக்கத்து வீட்டு மதினிக்கு முதல் தவணையில் மாடு கிடைக்கவில்லை. அவளிடம் இருந்தது எலும்பும் தோலுமாக ஒரு நாட்டு மாடு. முதல் வருஷம் அவள், "பாலா? அது எங்க கறக்குது, ஒதைக்கத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டாள். மூன்றாவது வருஷம் இரண்டாம் தவணை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் அவளுக்கும் என் வீட்டுக்காரர் புத்தி வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தம்பியிடம் கூசாமல் சொன்னது என் காதில் விழுந்தது: "அஞ்சு லிட்டருக்குக் கொறையாதுப்பா."

"ஏன் மதினி, அஞ்சு லிட்டரு எந்த மாட்டுல? காத்துல கறந்தியளா?" என்றேன் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து.

"நீ சும்மா இருடி. ஒம்புருசன் சொன்னப்ப இனிச்சுச்சா?" என்றாள்.

இப்போது பாருங்கள். காகிதத்தின்படி, ஜெர்சி மாடு வந்த என் வீட்டில் பால் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போனது. மாடே வராத அவள் வீட்டில் ஏறிக்கொண்டே போனது. ஊர் முழுக்க இதே கூத்து. ஒரு வீட்டில் ஒரு வருஷம் புருஷன் சொன்னான், மறு வருஷம் மாமியார் சொன்னாள், அதற்கு மறு வருஷம் யார் கையில் வேலை இல்லையோ அவர்கள் சொன்னார்கள்.

சித்திரை மாதம் கல்லூரிக்காரர்கள் வேன் அனுப்பி எங்களைத் திண்டுக்கல்லுக்குக் கூப்பிட்டார்கள். மணிக்கூண்டு பக்கம் ஒரு மாடி ஹால். இத்தனை வருஷம் பதில் சொன்னவர்களுக்கு முடிவைச் சொல்லிவிட்டுத்தான் பேங்குக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குப் பெரியவராக இருந்த ஒரு ஐயா சொன்னாராம். அதில் குறை சொல்ல மாட்டேன், மரியாதைதான். கண்ணாடி போட்டவர், எங்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்றார். கணக்கெடுத்த தம்பியும் சுவரோரம் நின்றான். என் மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேனில் வரும்போதே மாட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டு வந்தவள்.

ஐயா எழுந்து நிதானமாகச் சொன்னார். "மூணு வருஷத்தையும் கூட்டி வீட்டுக்கு வீடு வச்சுப் பார்த்தா, மாடு வாங்கின வீடு நல்லா இருக்கு. வாங்காத வீடு கொஞ்சம் கம்மி. அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஒரே வீட்ட எடுத்து, போன வருஷம் எப்படி, இந்த வருஷம் எப்படின்னு பார்த்தா மாட்டால ஒரு லாபமும் தெரியல. இந்த ரெண்டும் ஒத்துப் போகணும். ஒத்துப் போகுதான்னு பார்க்க ஒரு சோதனை இருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தோம். ஒத்துப் போகல."

"போகாட்டி?" என்று என் மகள் கேட்டாள்.

"போகலைன்னா, மாடு வாங்கின வீடுகள் முன்னாடியே கெட்டிக்கார வீடுகள்னு அர்த்தம். மாடு இல்லாட்டியும் அவங்க நல்லாத்தான் இருந்திருப்பாங்க. அதனால மாட்டால நல்லது நடந்துச்சுன்னு எங்களால எழுத முடியாது."

என் வீட்டுக்காரர் கெட்டிக்கார வீடு என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மற்றது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

என் மகள் என் கையைப் பிடித்தாள். நான் எழுந்தேன்.

"ஐயா, ரெண்டும் ஒத்துப் போகாததுக்கு எங்க வீடு கெட்டிக்கார வீடுங்கறதுதான் காரணமா? சொன்ன கணக்கு தப்பா இருந்தா?"

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்குந்தாம்மா. ஒருத்தர் கூடச் சொல்லுவார், ஒருத்தர் குறைச்சுச் சொல்லுவார். மொத்தத்துல சரியாயிடும்."

"கூட்டினா சரியாகும். நீங்க கழிக்கல்ல செய்யுறீங்க?" என்றேன். "எங்க ஊரு பால்வாடியில எம்பேத்திய மாசாமாசம் தராசுத் தூளியில தொங்கப்போட்டு எடை பாப்பாக. ஒரு மாசம் வெள்ளி அரைஞாணோட, வயித்து நெறையப் பால் குடிச்சுட்டு ஏறுனா. மறுமாசம் வெறும் ஒடம்பா, பசியோட ஏறுனா. பிள்ள எளைச்சுப்போச்சுன்னு அந்த டீச்சர் இவள வைதாக. பிள்ள வளந்துதான் இருந்துச்சு. ஒரு மாசத்துல பிள்ள ஏறுறது ஒரு கையளவு. அரைஞாணும் பாலும் அதவிடக் கனமில்லையா?"

ஹாலில் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. "நீங்க சொல்றது புரியுதும்மா. அப்ப உங்க கணக்குல அவ்வளவு தப்பு இருக்குன்னு எனக்குத் தெரியணும்ல? நீங்க எல்லாரும் இங்கதான் இருக்கீங்க. மாடு கன்னு போட்ட புதுசுல உண்மையா எவ்வளவு கறந்துச்சு, இப்ப சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

இதைவிட என்ன வேண்டும்? வழி திறந்துவிட்டார் மனுஷன். முன்வரிசையில் இருந்தவளைக் கேட்டார்.

அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "ஒரு லிட்டரு இருக்கும்" என்றாள். அவள் வீட்டு மாடு ஊரிலேயே பெரிய கறவை. அதற்கடுத்தவள் ஒன்றரை என்றாள். அதற்கடுத்தவள், "எங்க மாட்டுல ஏது பாலு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. வீட்டில் ஒரு தம்பியிடம் சொல்லவே கூசியவர்கள், ஊர் முழுக்கக் காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஒருத்தி கண் ஒருத்தி மேல் இருக்கும் இடத்தில், வாயைத் திறப்பார்களா? ஆண்களைக் கேட்டால் அது இன்னும் மோசம். என் வீட்டுக்காரர் எழுந்து, "பதினெட்டு லிட்டரு" என்றார். மாடே வாங்காத ஒருத்தர், "எனக்கு இருபது" என்றார். மதினி முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

ஐயா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சொல்லித் தொலைங்கடி!" என்று நான் பெண்கள் பக்கம் திரும்பிக் கத்தினேன். "எம்மகளுக்கு மட்டுமா? ஏன் மதினி, ஒங்களுக்கும் சேத்துத்தான மாடு வரணும்?"

"நீ சொல்லேன் மொதல்ல" என்றாள் மதினி. "ஊருக்கு உபதேசம் பண்றவ சொல்லு, கேப்போம்."

ஹாலே என்னைப் பார்த்தது. வீட்டில் மாடு கன்று போட்டு ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. சீம்பால் நின்று நல்ல பால் இறங்கியிருந்த சமயம். பக்கத்தில் மகள். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"காலையில ஆறு. சாயங்காலம் அஞ்சு" என்றேன். "ரெண்டாம் வருசம் இந்தத் தம்பிகிட்ட ரெண்டுன்னு சொன்னேன். அன்னைக்கும் இதேதான் கறந்துச்சு. முந்தின வருசம் எங்க வீட்டுக்காரர் சொன்ன ஏழு லிட்டருல ஒண்ணுதான் நெசம்."

பின்னால் ஒரு கிழவி, "அடி பாவி" என்றாள். என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

ஐயா எழுதிக்கொண்டார். அப்புறம் சொன்னார். "நன்றிம்மா. ஆனா ஒரு வீட்டுக் கணக்க மட்டும் இப்ப மாத்தினா, நான் எனக்கு வேண்டிய முடிவுக்காக மாத்தினேன்னுதான் மேல சொல்லுவாங்க. எல்லாரும் சொல்லியிருந்தா வேற."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை வைதுவிட்டு ஆறியிருப்பேன்.

படி இறங்கும்போது அந்தத் தம்பி பின்னாலேயே வந்தான். "அம்மா, ஒரே வீட்டுல ஒரே வாரத்துல ரெண்டு ஆளுகிட்டத் தனித்தனியா கேட்டுப் பார்த்திருந்தா, பேச்சு எவ்வளவு ஆடுதுன்னு தெரிஞ்சிருக்கும். நான் சொன்னேன். அதுக்கு நேரம் இல்லன்னுட்டாங்க."

"மூணு வருசம் இருந்துச்சு, அதுக்கு நேரம் இல்லையாக்கும்?" என்றேன். அவனை ஏன் வைதேன் என்று அப்புறம் தோன்றியது. வைய வேறு ஆள் இல்லை, அதனால்தான்.

வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. வேடசந்தூர் ரோடு தாண்டும்போது மதினி மட்டும் முன் சீட்டிலிருந்து திரும்பி, "மாட்டுக்கு இன்னைக்கே சுத்திப் போடு. மொளகா எங்கிட்ட இருக்கு, தாரேன்" என்றாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சுற்றிப் போட்டேன். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஈத்து முழுக்க அப்படியேதான் கறந்தது.

இரண்டாம் தவணை வரவில்லை. மாட்டால் ஊருக்குப் பிரயோசனம் இல்லை என்று போய்ச் சேர்ந்த கணக்கைப் பார்த்துவிட்டு பேங்கில் கையை விரித்துவிட்டார்கள். புதிதாகப் பிறந்த கிடாரிக் கன்றை நீ வைத்துக்கொள் என்று மகளிடம் சொன்னேன்.

"அது வளந்து, சினையாகி, கறக்குறதுக்குள்ள எம்மக பள்ளிக்கூடம் போயிருவா. அதுவரைக்கும் யாரு சோத்தத் திங்குறது?" என்றாள்.

"எங்க சோத்தத் தின்னா கொறைஞ்சா போயிருவ?"

"ஆமாத்தா. கொறைஞ்சுதான் போவேன்."

என்னைப் போலவே பிறந்திருக்கிறாள், என்ன செய்ய? ஆனியில் திண்டுக்கல் பக்கம் நூல் மில்லில் சேர்ந்தாள். ஷிப்டு மாறி மாறி வரும், அதனால் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கினாள். பிள்ளை என்னிடம் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருவாள், தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருக்கும். பிள்ளை முதலில் அவளிடம் போகாது, என் சேலைக்குப் பின்னால் நிற்கும். அவள் அதைப் பார்த்துவிட்டு, பஸ் வரும்வரை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பாள். அந்த மாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஹாலும் அந்தக் கம்ப்யூட்டரும்தான் ஞாபகம் வரும். சோதனை நல்ல சோதனையாகவே இருக்கட்டும். அதற்குள் போட்டதெல்லாம் என் வீட்டுக்காரர் வீம்பும், என் பயமும், மதினியின் ஆசையும். அது எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு முடிவு சொல்லிவிட்டதாம். கெட்டிக்கார வீடாம். கெட்டிக்கார வீட்டுப் பெண் எதற்கு மில்லுக்குப் போனாள்?

எழுதி முடித்துவிட்டேன். கண்ணு மங்கலாக இருக்கிறது, நான் எழுதியதை நானே வாசித்தால் இல்லாததையும் இருப்பதாக வாசித்துக்கொண்டு போவேன். பேரனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறேன். ஏ அப்பு, அந்த டிவிய அணைச்சுட்டு இங்க வா. இந்தா, மொதல்லயிருந்து சத்தமா வாசி. நீயா எதையும் திருத்தி வாசிக்காத, என்ன இருக்கோ அத வாசி. தப்பு இருந்தா நான் சொல்றேன்.